கட்டாயப் பாடம் எத்தனை என்று எண்ணுவதற்கு முன்: லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் முதலாண்டு, ஓர் ஒப்பீடு

மார்ச் மாதக் கடைசிக்குள் அமெரிக்கக் கல்லூரிகளின் அனுமதிக் கடிதங்கள் பெரும்பாலும் வந்துவிடும். மே 1-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்ட வேண்டும். இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தில் வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் உதவித்தொகை எவ்வளவு, தரவரிசையில் எத்தனையாவது இடம், குளிர் எப்படி, பக்கத்து ஊரில் உறவினர் யாராவது இருக்கிறார்களா என்பதைச் சுற்றியே போகிறது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். உதவித்தொகைக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்க முடியாது. ஆனால் பிள்ளை அங்கே போய் முதலாண்டில் என்ன படிக்கப்போகிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு. விசாரிப்பவர்களும் கட்டாயப் பாடங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிற கல்லூரியே நல்லது என்று முடித்துவிடுகிறார்கள்.

எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. முதல் பருவத்தில் மாணவர் எழுதும் கட்டுரையை யார் உட்கார்ந்து வாசிக்கிறார்? அடுத்த பருவத்துக்குப் பாடம் பதியும்போது யார் எதிரே இருந்து கேள்வி கேட்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துகொண்டு கல்லூரிகளை ஒப்பிட்டால் வரிசையே மாறிவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள், அதாவது மாணவரை ஒரே துறையில் அடைக்காமல் பல துறைகளையும் படிக்க வைக்கும் இளங்கலைக் கல்லூரிகள், பலவற்றில் ஒரு பருவத்துக்கு நான்கு பாடங்கள், எட்டுப் பருவங்களுக்கு 32 பாடங்கள். அதில் மேஜர் எனப்படும் முதன்மைத் துறைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போகும். எந்தத் துறையில் மேஜர் என்பதை இரண்டாம் ஆண்டின் கடைசி வாக்கில் சொன்னால் போதும். மீதமுள்ள பாடங்களில் கல்லூரி கட்டாயமாக்குவது பொதுக்கல்வி. எஞ்சியவை மாணவரின் விருப்பம். தமிழ்நாட்டுக் கலைக்கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்த அடுக்கு பழக்கமானதுதான். பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம், மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும், நான்கில் சுற்றுச்சூழல் கல்வி போன்றவை, ஐந்தில் நாட்டு நலப்பணி என்று நம் மதிப்பெண் பட்டியலிலேயே அது இருக்கிறது. நம் முறையில் கட்டாயப் பகுதி எல்லோருக்கும் ஒரே பாடநூல், ஒரே தேர்வு. அமெரிக்கக் கல்லூரிகளில் அந்தக் கட்டாயத்தின் வடிவமே கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது.

இதைப் பற்றி அவர்கள் இருநூறு ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1828-ல் யேல் கல்லூரி ஆசிரியர்கள், மாணவர் அனைவருக்கும் பொதுவான பழைய பாடத்திட்டமே வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். 1869-ல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட் விருப்பப் பாட முறையை விரித்து, அந்தக் கட்டைப் படிப்படியாகத் தளர்த்தினார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல், கொலம்பியா எல்லோருக்கும் பொதுவான ஒரு பாடத்தைத் தொடங்கியது. 1969-ல் பிரவுன் பல்கலைக்கழகம், மாணவர்கள் முன்னெடுத்த ஓர் அறிக்கையின் உந்துதலால், பொதுக்கட்டாயங்களை எடுத்துவிட்டது. இந்தச் சண்டையின் ஒவ்வொரு கட்டமும் இன்றும் ஏதோ ஒரு கல்லூரியில் உயிரோடு இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் அனுமதிக் கடிதங்கள் அவற்றில் எந்தக் கட்டத்திலிருந்து வந்தவை என்பதுதான் கேள்வி.

யேல் அறிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1823-ல், அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற ஓர் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கி, தமிழையும் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் வானியலையும் ஒரே மாணவருக்குக் கற்பித்தார்கள். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். பின்னர் சட்டம் பயின்று நீதிபதியாகவும் இருந்தார். பரந்த படிப்பு நமக்கு ஒத்துவராது என்று வீட்டில் யாராவது சொன்னால் அவரை நினைவூட்டுங்கள்.

கட்டாயம் ஒன்றே ஒன்று

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் எல்லா மாணவருக்கும் பொதுவான கட்டாயப் பாடம் முதலாண்டு செமினார் ஒன்றுதான். சிறு குழுவாக வாசித்து, விவாதித்து, கட்டுரை எழுதும் வகுப்பு அது. அதையும் மேஜருக்கு உரியதையும் முடித்தால் பட்டம். கணிதம் படிக்கும் ஒருவர் நான்கு ஆண்டுகளும் வரலாற்றுத் துறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் வெளியே வரலாம். அருகிலேயே இருக்கும் ஸ்மித் மகளிர் கல்லூரியில், முதலாண்டில் எழுத்துக்கு முதன்மை தரும் ஒரு பாடம் கட்டாயம். அதோடு பட்டத்துக்கு வேண்டிய 128 கிரெடிட்டில் (பாட அலகு) பாதி மேஜர் துறைக்கு வெளியே இருக்க வேண்டும். அயோவா மாநிலத்தின் கிரினெல் கல்லூரியில் டுட்டோரியல் எனப்படும், செமினாரைப் போன்ற முதல் பருவ வகுப்பு ஒன்று மட்டும் கட்டாயம். இவற்றைத் திறந்த பாடத்திட்டம் உள்ள கல்லூரிகள் என்பார்கள்.

கவர்ச்சி வெளிப்படை. இரண்டு மேஜர் எடுக்க இடம் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் வேறு நாட்டுக்குப் போய்ப் படிக்கலாம். பேராசிரியரோடு ஆய்வில் இறங்கலாம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தானாக விரும்பி வந்தவர் என்பதால் பேச்சின் தரமும் உயர்கிறது. கட்டாயத்துக்காக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அங்கே இல்லை.

ஆனால் நம் பிள்ளைகள் எந்த வழியாக வந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த வாரத்திலேயே முதல் குரூப்பா, வணிகவியலா என்று முடிவாகிவிடுகிறது. அந்த முடிவில் பதினைந்து வயதுப் பிள்ளையின் குரல் எவ்வளவு இருந்தது என்பது அந்தந்த வீட்டுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் இயற்பியல், வேதியியல், கணிதம், பயிற்சி மையம். அப்படி வந்த ஒரு மாணவியிடம் நூற்றுக்கணக்கான பாடங்கள் உள்ள பட்டியலைக் கொடுத்து, எது வேண்டுமானாலும் எடு என்றால் என்ன எடுப்பாள்? நுண்கணிதம், கணினி அறிவியல், பொருளாதாரம். தெரிந்த பெயர்களைத்தான் எடுப்பாள். மானுடவியல் என்ற துறையில் என்ன படிக்கிறார்கள் என்றே தெரியாதபோது அதை எப்படி விரும்ப முடியும்? திறந்த பாடத்திட்டத்தில் யாரும் அவளைத் தடுக்க மாட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பதினொன்றாம் வகுப்பில் போட்ட தடத்திலேயே நடந்து முடித்திருப்பாள். அதற்கு இத்தனை ஆயிரம் மைல் போயிருக்க வேண்டியதில்லை.

இந்த வகைக்குள் நான் கிரினெலைத் தனியாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அங்கே டுட்டோரியல் நடத்தும் பேராசிரியரே, மாணவர் மேஜரை அறிவிக்கும் வரை அவருடைய கல்வி ஆலோசகர். இந்த ஓர் ஏற்பாடு எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இலையுதிர் பருவத்தின் நடுவில், அடுத்த பருவத்துக்கான பட்டியலோடு மாணவி அவர் அறைக்குப் போகிறாள். அதற்குள் அவளுடைய கட்டுரைகள் சிலவற்றை அவர் வரிவரியாக வாசித்திருக்கிறார். வகுப்பில் எப்போது வாயைத் திறக்கிறாள், எப்போது மூடிக்கொள்கிறாள் என்று பார்த்திருக்கிறார். பட்டியலில் நான்கும் கணக்கும் அறிவியலுமாக இருந்தால், நகரங்களில் தண்ணீர்ப் பங்கீடு பற்றி நீ எழுதிய கட்டுரைதான் உன்னுடையதில் சிறந்தது, அரசியல் அறிவியலில் ஒன்று எடுத்துப் பார்க்கலாமே என்று அவரால் சொல்ல முடியும். பெயர் தெரியாத ஓர் ஆலோசகர் கால்மணி நேரச் சந்திப்பில் இதைச் சொல்ல முடியாது, சொன்னாலும் எடுபடாது. கட்டாயம் இல்லாத இடத்தில் மாணவருக்குத் துணை இப்படிப்பட்ட ஒரு மனிதர்தான். அவர் யார் என்று தெளிவாகச் சொல்லாத திறந்த பாடத்திட்டத்தை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிவுக்கு மூன்று

வில்லியம்ஸ் கல்லூரியிலும் சுவார்த்மோர் கல்லூரியிலும் பாடங்கள் மூன்று பெரும் பிரிவுகளாக இருக்கின்றன: மொழியும் கலையும் அடங்கிய மனிதவியல், சமூக அறிவியல், இயற்கை அறிவியலும் கணிதமும். ஒவ்வொரு பிரிவிலும் மூன்று பாடங்கள் முடிக்க வேண்டும். எழுத்துக்கு முதன்மை தரும் பாடங்களில் சிலவும் கட்டாயம். சுவார்த்மோரில் அவை மூன்று. பட்டியலாகப் பார்த்தால் பயமுறுத்தும். பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும்.

சுவார்த்மோரில் இயற்பியல் மேஜர் எடுக்கும் மாணவரை வைத்துக்கொள்வோம். அறிவியல் பிரிவின் மூன்றும் மேஜரோடு ஏறத்தாழத் தானாகவே முடிந்துவிடும். மீதி மனிதவியலில் மூன்று, சமூக அறிவியலில் மூன்று. எழுத்துப் பாடங்களில் ஒன்றிரண்டு இந்த ஆறுக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும். ஆக, 32-ல் அவர் தானாக எடுத்திருக்க மாட்டாத பாடம் என்று பார்த்தால் ஆறு. இது சுமையா? அந்த ஆறு பாடங்களுக்காகத்தானே ஐ.ஐ.டி. கனவை விட்டுவிட்டு இந்த வகைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தோம் என்று நான் கேட்பேன். சுவார்த்மோரில் இன்னொரு விதியும் உண்டு: குறைந்தது 20 பாடங்களாவது மேஜர் துறைக்கு வெளியே இருக்க வேண்டும். மேஜரில் மூழ்கிவிடும் ஆர்வக்காரருக்கு இந்த விதி எரிச்சலூட்டும். ஆனாலும் நல்ல விதி.

அதைவிட நல்ல விதி ஒன்று இருக்கிறது. சுவார்த்மோரில் முதல் பருவத்தில் ஏ, பி, சி என்ற கிரேடு கணக்கில் வராது. தேர்ச்சி பெற்றால் கிரெடிட், அவ்வளவுதான். முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண் என்று பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டு வந்த பிள்ளைக்கு இதைப் போல ஒரு மருந்து கிடையாது. சிற்பக்கலை எடுத்துச் சொதப்பலாம். ஏதும் தெரியாத துறையில் போய் உட்காரலாம். முதல் கட்டுரை மோசமாக வந்தாலும் ஸ்காலர்ஷிப் போய்விடுமோ என்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர் இதைக் குறையாக நினைக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. மதிப்பெண் தெரியாவிட்டால் பிள்ளை படிக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்கிறார்கள். அவனிடம் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவார்த்மோரின் முதலாண்டு செமினார்கள் 12 பேருக்கு மேல் போகாதவை. ஆனால் அவை கட்டாயமில்லை. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள். போவதற்கு முன்பே சொல்லி அனுப்புங்கள்.

இந்த முறைக்கும் ஒரு நோய் உண்டு. பிரிவுக்கு மூன்று என்றவுடன், அந்த மூன்றில் எளிதானது எது என்ற தேடல் தொடங்கிவிடும். எந்தப் பேராசிரியர் தாராளமாக மதிப்பெண் போடுவார், எந்த வகுப்பு காலை எட்டரை மணிக்கு இல்லை என்ற தகவல் சீனியர்களிடமிருந்து இறங்கி வரும். அப்படிப் பொறுக்கிய ஆறும் ஒன்றோடொன்று பேசாது. பெரிய பல்கலைக்கழகங்களில், பத்துப் பன்னிரண்டு தலைப்புகளில் தலா ஒரு பாடம் என்று நீளும் பட்டியல்களில், இந்த நோய் முற்றிவிடுகிறது. ஆறு பாடங்களையும் ஒரு கேள்வியைச் சுற்றி அமைத்துக்கொள்வது நான் சொல்லும் மாற்று. பொதுச் சுகாதாரத்தில் ஆர்வம் என்றால் மருத்துவ வரலாறு ஒன்று, வளர்ச்சிப் பொருளாதாரம் ஒன்று, அறவியல் ஒன்று. அப்போது கட்டாயம் என்ற நினைப்பே வராது.

எல்லோருக்கும் ஒரே பாடம்

ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் உள்ள ரீட் கல்லூரியில் முதலாண்டு மாணவர் அனைவரும் ஆண்டு முழுவதும் ஒரே மனிதவியல் பாடத்தைப் படிக்கிறார்கள். ஹம் 110 என்பது அதன் பெயர். எல்லோரும் ஒரே அரங்கில் விரிவுரை கேட்கிறார்கள். வெவ்வேறு துறைப் பேராசிரியர்கள் மாறிமாறிப் பேசுகிறார்கள். பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து அந்த வாரத்து நூலைப் பற்றி விவாதிக்கிறார்கள். கட்டுரை எழுதினால் ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசும் நேரம் உண்டு. கேட்காவிட்டால் கிரேடு சொல்ல மாட்டார்கள். கட்டுரை நிறையக் குறிப்புகளோடு திரும்பி வரும்.

இதன் பெரிய பலன் வகுப்புக்கு வெளியே இருக்கிறது. இயற்பியல் படிக்கப்போகிறவரும் நாட்டியம் படிக்கப்போகிறவரும் ஒரே வாரம் ஒரே நூலோடு மல்லுக்கட்டியிருப்பதால் சாப்பாட்டு மேசையில் பேச ஒரு பொருள் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து, அவர்களுடைய தொலைக்காட்சித் தொடரும் பேஸ்பால் ஆட்டமும் தெரியாமல் தனித்து நிற்கும் மாணவருக்கு இது சிறிய உதவி இல்லை.

யாருடைய நூல்கள் என்ற கேள்வி உடனே எழும், எழ வேண்டும். ரீடிலும் எழுந்தது. 2016-ல் மாணவர்கள் ஹம் 110 விரிவுரை அரங்கிலேயே போராட்டத்தில் இறங்கினார்கள். பாடம் ஐரோப்பாவின் மூதாதையர் என்று கருதப்படுபவர்களையே சுற்றுகிறது என்றார்கள். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு 2018-ல் பாடம் மாறியது. பண்டைய மத்தியதரைக்கடல் உலகோடு மெக்சிகோ நகரமும் நியூயார்க்கின் ஹார்லெமும் உள்ளே வந்தன. ஆசிரியர்கள் பாடத்தைக் கைவிடவில்லை, மாணவர்கள் கேட்டதை அலட்சியப்படுத்தவும் இல்லை. அந்தக் கல்லூரியின் மேல் எனக்கு மதிப்பு கூடியது இதனால்தான்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இளங்கலைக் கல்லூரியில் இந்த முறை இன்னும் விரிவானது. அது சிறு கல்லூரி அல்ல என்றாலும், நம் மாணவர்கள் பலர் இதையும் சேர்த்தே ஒப்பிடுவதால் சொல்கிறேன். முதலாண்டில் இலக்கியம், இரண்டாம் ஆண்டில் அரசியல் சிந்தனை, அதோடு கலை, இசை, அறிவியல், எழுத்து, அயல்மொழி. முதல் இரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதியை இது எடுத்துக்கொள்ளும். இலக்கியப் பாடம் வழக்கமாக ஹோமரின் போர்க்காவியமான இலியட்டில் தொடங்குகிறது. அந்த மேசையில் ஒரு தமிழ் மாணவி வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை. தலைவன் இறந்தபின் புலவர் பாடும் கையறுநிலைப் பாடல்கள் இரண்டை அவள் பள்ளியில் படித்திருந்தாலே போதும். வீரனின் சாவை இரண்டு மரபுகள் எப்படித் தாங்குகின்றன என்று அந்த வகுப்புக்கு அவள் ஒரு கேள்வியைக் கொண்டுபோக முடியும். மேல்நிலை வகுப்பில் தமிழை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவர்கள், கிளம்பும் முன் அந்தப் பாடல்களை மறுபடி எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள்.

விருப்பப் பாடமே ஏறத்தாழ இல்லாத கல்லூரி ஒன்றும் இருக்கிறது. மேரிலாந்தின் அன்னபோலிஸிலும் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயிலும் வளாகங்கள் கொண்ட செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, 1937 முதல் மேஜரும் துறைகளும் இல்லாமல் நடக்கிறது. எல்லோரும் பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடிலிருந்து தொடங்கி, கணிதத்தை மூலநூல் வழியாகவே படிக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பண்டைய கிரேக்கம், அடுத்த இரண்டு ஆண்டுகள் பிரெஞ்சு. வாரத்தில் இரண்டு மாலைகள் செமினார். இருபது பேர் அளவில் மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். ஓர் ஆசிரியர் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு அமைதியாகிவிடுவார். மீதி மாணவர்களின் வேலை. பருவ முடிவில் ஆசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து, மாணவர் முன்னிலையிலேயே அவரைப் படர்க்கையில் குறிப்பிட்டு அவருடைய படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். கேட்கவே கை நடுங்கும். ஆனால் ஒரு பதினெட்டு வயதுக்காரரின் சிந்தனையை இவ்வளவு பொறுப்போடு எடுத்துக்கொள்ளும் இடம் அபூர்வம். 2018-ல் இந்தக் கல்லூரி தன் கல்விக் கட்டணத்தை 52,000 டாலர் அளவிலிருந்து 35,000 டாலராகக் குறைப்பதாக அறிவித்ததும் கவனிக்கத் தக்கது. படிப்பு முடிந்து எந்த வேலை என்று வீட்டில் கேட்டால் நேரடியான பதில் இருக்காது. அதைத் தாங்கக்கூடிய குடும்பத்துக்கும், புத்தகத்தை விட்டுப் பிரியாத பிள்ளைக்கும் மட்டும் இது.

செமினாரில் உண்மையில் என்ன நடக்கிறது

இந்த வகைகள் எல்லாவற்றையும் தாண்டி ஒரு விஷயத்தில் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்: முதலாண்டு செமினாரின் உள்ளடக்கம். தலைப்பு எதுவாகவும் இருக்கலாம். நிறம், சிறைச்சாலை, சர்க்கரை, முடிவிலி என்று ஒவ்வொரு பேராசிரியரும் தனக்குப் பிடித்ததை வைப்பார். தலைப்பைப் பார்த்து, இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்க வேண்டாம். அங்கே கற்றுக்கொடுப்பது வாசிக்கவும் பேசவும் எழுதவும். குறிப்பாக எழுத.

நம் பள்ளிகளில் ஐந்து மதிப்பெண் விடைக்கும் பத்து மதிப்பெண் விடைக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. முன்னுரை, உட்தலைப்புகள், மேற்கோள், முடிவுரை. முக்கியச் சொற்களுக்கு அடிக்கோடு. திருத்துபவர் தேடும் குறிப்புகள் இருந்தால் முழு மதிப்பெண். இந்தப் பயிற்சியில் நூறு வாங்கிய மாணவர் முதல் செமினார் கட்டுரையை அதே வடிவில் எழுதிக் கொடுப்பார். திரும்பி வரும் தாளின் ஓரத்தில் இருப்பவை கேள்விகள்: இதை நீ நம்புகிறாயா? எந்த வரியை வைத்து இப்படிச் சொல்கிறாய்? மூன்றாம் பத்தியும் ஐந்தாம் பத்தியும் முரண்படுகின்றன, எதை வைத்துக்கொள்ளப்போகிறாய்? முழுவதும் சரியாகச் சுருக்கியிருக்கிறாய், உன் வாதம் எங்கே? முதல் முறை இதைப் பார்ப்பவர் உடைந்துபோவார். ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். குறை ஆங்கிலத்தில் இல்லை. ஒரு கருத்தைத் தன்னுடையது என்று சொல்லி அதற்குக் காரணம் காட்டும் வேலையை அவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. இரண்டாம் வரைவு, மூன்றாம் வரைவு என்று அதே கட்டுரையைத் திருத்தித் திருத்தி எழுதும்போதுதான் அது பிடிபடும். அதனால்தான் வகுப்பில் 12 பேரா, 15 பேரா, 25 பேரா என்பது முக்கியம். இருபத்தைந்து பேரின் மூன்று வரைவுகளை ஒரு மனிதர் அந்தக் கவனத்தோடு வாசிப்பது பெரும்பாடு.

மேற்கோள் விதிகளும் இங்கேதான் பழக வேண்டும். இணையத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து அப்படியே வைப்பது நம் பள்ளி ஒப்படைப்புகளில் பெரிய குற்றமாகப் பார்க்கப்படுவதில்லை. அங்கே அது விசாரணைக்குப் போகும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவு பயன்படுத்தலாம் என்பதையும் ஒவ்வொரு ஆசிரியரும் சிலபஸிலேயே எழுதியிருப்பார். முதல் வாரத்திலேயே வாசித்துவிட வேண்டும்.

யாருக்கு எது

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வழக்கமான பள்ளிப்படிப்பை முடித்து, அறிவியல் பிரிவிலிருந்து வரும், வேறு துறைகளை எட்டிப் பார்க்க வாய்ப்பே கிடைக்காத மாணவருக்கு என் முதல் பரிந்துரை பிரிவுக்கு மூன்று என்ற முறை. கிரினெலைப் போல டுட்டோரியல் ஆசிரியரே ஆலோசகராக இருக்கும் திறந்த பாடத்திட்டத்தை அதற்கு இணையாக வைப்பேன். ஆசிரியரும் ஆலோசகரும் வெவ்வேறாக, ஆலோசகர் ஆண்டுக்கு இரண்டு முறை கையெழுத்துப் போடுபவராக மட்டும் இருக்கும் திறந்த பாடத்திட்டம் இந்த மாணவருக்குக் கடைசி.

ஏற்கெனவே பாடத்துக்கு வெளியே வாசிப்பவர், தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர், பள்ளியிலேயே ஆசிரியரோடு வாதிட்டவர் என்றால் ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித் போன்ற இடங்களில் சிறகு விரிப்பார். அந்த இரண்டும் ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பில் இருப்பதால் ஒன்றில் இல்லாத பாடத்தை மற்றொன்றில் எடுக்கலாம். வாசிப்பை விரும்பியும் தனித்து விடப்படுவதற்கு அஞ்சுகிறவருக்கு ரீட் பொருந்தும், நான்காம் ஆண்டில் எழுத வேண்டிய ஆய்வேட்டையும் மனதில் வைத்துக்கொண்டு.

வேலை பற்றிய கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன் வாங்கி அனுப்பும் வீடுகள் இருக்கின்றன. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவர் பட்டத்துக்குப் பின் ஓராண்டு அங்கே வேலை பார்க்கலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள பட்டமென்றால் இன்னும் 24 மாதங்கள். இன்றைய நிலையில் விதி இது. இதைத் தீர்மானிப்பது மேஜரின் அரசுக் குறியீட்டு எண். பொதுக்கல்விப் பாடங்கள் அல்ல. பொருளாதாரத்துக்கே இந்தக் குறியீடு கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. ஆகவே கட்டாயப் பாடம் அதிகம் என்பதால் வேலை வாய்ப்பு குறையும் என்ற கணக்கு தவறு. மருத்துவத்துக்கு முந்தைய படிப்பை நினைப்பவர்களுக்கு வேறு கணக்கு: உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் என்று எட்டு ஒன்பது பாடங்கள் அதற்கே போய்விடும். கொலம்பியா போன்ற இடத்தில் அதையும் சேர்த்துச் சுமப்பது கடினம்.

அயல்மொழிக் கட்டாயம் உள்ள கல்லூரியில், தமிழைப் பள்ளியில் மொழிப்பாடமாகப் படித்ததற்குச் சான்று காட்டி விலக்குக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் இடங்கள் உண்டு. கிடைத்தாலும், புதிய மொழி ஒன்றைக் கற்கும் வாய்ப்பை விட வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஏப்ரல் மாதத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை சில. முதலாண்டு செமினாரை நிரந்தரப் பேராசிரியர்கள் நடத்துகிறார்களா, ஒரு பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்பட்டவர்களா? வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர்? செமினார் ஆசிரியர் ஆலோசகராகவும் இருப்பாரா? பள்ளியில் பெற்ற ஏ.பி. அல்லது ஏ-லெவல் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டிப் பொதுக்கல்விப் பாடங்களைத் தவிர்க்க முடியுமா? முடியும் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். கட்டணத்தை மிச்சப்படுத்தும் அவசரத்தில் சிறந்த வகுப்புகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்ற ஆண்டு நடந்த ஏதாவது ஒரு செமினாரின் சிலபஸை அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அனுப்புவார்கள். அதில் வாசிப்புப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம். முதலில் தேதிகளைப் பாருங்கள். ஒரே கட்டுரைக்கு முதல் வரைவுக்கு ஒரு தேதி, ஆசிரியரோடு சந்திப்புக்கு ஒரு தேதி, திருத்திய வரைவுக்கு ஒரு தேதி என்று மூன்று இருந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் மேலே ஏற்றுங்கள். பருவ முடிவில் ஒரே தேதி மட்டும் இருந்தால், தரவரிசை என்னவாக இருந்தாலும், கீழே இறக்குங்கள்.

முன்பணம் கட்டிய பிறகு, கோடையில், செமினார் தலைப்புகளின் பட்டியல் வரும். விருப்ப வரிசையில் சிலவற்றைக் குறித்து அனுப்பச் சொல்வார்கள். அந்தப் படிவத்தைப் பெற்றோர் நிரப்ப வேண்டாம். பிள்ளையே நிரப்பட்டும், பள்ளியில் பெயர்கூடக் கேள்விப்படாத தலைப்பு ஒன்றாவது முதல் மூன்றுக்குள் இருக்கட்டும்.